என்ற புரோகிராமுக்கு மேல ஒரு போர்டு

நாச்சிமுத்துன்னு என்ற பேரை அந்தப் புள்ளையே குடுத்துச்சுங்களா?

கோவிச்சுக்காதீங்கண்ணா, தெளிவு பண்ணிக்கத்தான் கேக்கறேன். நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பொண்ணு வேலை பார்த்த எடத்துல ஒரு வார்த்தை விசாரிக்கணும்னு பொண்ணூட்டுல கேட்டிருக்கறீங்க. அதுக்கு கோகிலவாணியே, "எங்க பழைய ஆபீஸ்ல நாச்சிமுத்து அண்ணன்னு ஒருத்தர் இருக்கறாரு, அவரைப் போய்ப் பாருங்க"ன்னு சொல்லியிருக்குது. அப்படித்தானுங்களே?

சரி, உக்காருங்க. ஆபீஸுக்குள்ள வேண்டாம், இந்த பேக்கரியே தேவலை. அங்க பேசுனா யாராச்சும் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க. ஏப்பா, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை கம்மி.

நான் எதுக்கு ரோசனை பண்றேன்னு பாக்கறீங்களா? அந்தப் புள்ளைகூட உக்காந்து மத்தியானம் சாப்பிட்ட பொண்ணுங்க இருக்குது. ஒரே பஸ்ல வந்து போனதுங்க இருக்குது. அதுங்க பேரையெல்லாம் விட்டுப்போட்டு என்ற பேரைக் குடுக்குதுன்னா, அதுல ஒரு கணக்கு இருக்கணுமுங்களே. அது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. போகட்டும்.

கல்யாண விசயத்துல பொய் சொல்ற ஆள் நான் இல்லீங்க. நடக்காததைச் சொல்லி ஒரு பொண்ணோட வாழ்க்கைல மண்ணைப் போடற ஆளும் இல்லை. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன். அப்பறம் நீங்களாச்சு, உங்க தங்கச்சியாச்சு.

நீங்க ஈபில இருந்து ரிட்டயர் ஆனவருன்னு சொன்னீங்க. நல்லதாப் போச்சு, உங்களுக்குச் சுலபமாப் புரியும்.

எங்க கம்பெனி மஞ்சள் மண்டிங்களுக்கு ஏலப் புரோகிராம் எழுதிக் குடுக்கறதுங்க. முன்னெல்லாம் வியாபாரி சீட்டுல விலை எழுதிப் பெட்டில போடுவாரு. இப்ப உக்காந்த எடத்துல இருந்தே செல்போன்ல போடறாரு. ஏலம் முடியப்போற கடைசி நேரம் வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாங்க. அடுத்தவன் என்ன போடறான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு, முடியற நேரத்துல மொத்தப் பேரும் ஒரே அமுக்கா அமுக்குவாங்க. அந்த நெரிசலைத் தாங்கி, எது பெரிய விலைன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற எடம் இருக்குது பாருங்க, அது முச்சூடும் நான் எழுதுனது. கம்பெனி ஆரம்பிச்ச காலத்துல, ஓட்டை ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதுனது. வெளியில இருந்து பாத்தா கோணல்மாணலாத்தான் இருக்கும். ஆனா ஓடும். ஒரு சீசன்லயும் நின்னதில்லை.

கோகிலவாணி திருப்பூர்ல ஒரு கம்பெனில இருந்துட்டு எங்ககிட்ட வந்து சேந்துச்சு. வந்த வாரமே என்ற டேபிளுக்கு வந்து நின்னுது. "அண்ணா, ஒரு விலை வந்து விழுந்தா அதை எடுத்து வெக்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அப்பவே சுருக்குனு இருந்துச்சுங்க. இத்தனை வருசத்துல சிகாமணி சாரே கேட்டதில்லை. சிகாமணி சார்னா எங்க முதலாளி. அவரே கேக்காததை வந்த வாரத்துல ஒரு புள்ள கேக்குதுன்னா, யாரோ கேக்கச் சொல்லித்தானுங்களே கேக்கணும்?

"எதுக்கு அம்மணி?"ன்னேன்.

"சும்மா அளந்து பாக்கலாம்னுதாங்கண்ணா."

சும்மா யாராச்சும் அளப்பாங்களா? நிலத்தை விக்கறதுக்கு முந்தி அளப்பாங்க. பங்கு பிரிக்கறதுக்கு முந்தி அளப்பாங்க.

அப்பறம் ஒருநாள் வெடியால வந்து என்ற புரோகிராமைத் திறந்தா, அதுக்கு மேல ஒரு புது வரி இருக்குதுங்க, அந்தப் புள்ள சேத்தது. லேபிள் மாதிரி. 'பெர்ஃபார்மன்ஸ் சென்சிடிவ்'னு. நீங்க டிரான்ஸ்பார்மர்ல மண்டையோடு படம் போட்டு ஒரு போர்டு மாட்டுவீங்களே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க. அந்த போர்டுல கரண்ட் ஓடாது. ஆனா பாக்கறவன் கை வெக்க மாட்டான். அதே மாதிரி இந்த வரிக்கும் புரோகிராம் ஓடறதுக்கும் சம்பந்தம் இல்லை. திறந்து படிக்கற ஆளுங்களுக்காக எழுதி வெக்கறது: 'இது வேகமா ஓட வேண்டிய எடம், யோசிச்சுத் தொடு'ன்னு.

அதுல தப்பு என்னன்னு கேக்கறீங்களா? பெர்ஃபார்மன்ஸ்ங்கற வார்த்தையை எங்க ஆபீஸ்ல எப்பப் பேசுவாங்கன்னு தெரியுமுங்களா? சம்பளம் ஏத்தற மாசத்துல. யாரை வெச்சுக்கறது, யாரைத் தாட்டி விடறதுன்னு பேசற மாசத்துல. 'உங்க பெர்ஃபார்மன்ஸ் பத்தி ஒரு பேச்சு'ன்னு கூப்பிட்டாலே ஆளுக்கு வேர்த்துப் போகும். அந்த மாசம் நெருங்கற நேரம் பாத்து, அந்த வார்த்தையக் கொண்டாந்து என்ற தலைக்கு மேல ஒட்டுனா நான் என்னன்னு நெனைக்கறதுங்க?

ஒண்ணோட நிக்கலை. அன்னைக்கே தேடிப் பாத்தேன். எங்கெல்லாம் நான் எழுதுனது இருக்குதோ அங்கெல்லாம் ஒட்டியிருந்துச்சு. அடுத்தவங்க எழுதுனதுல இல்லை. அந்தப் புள்ள எழுதுனதுல ஒண்ணுகூட இல்லை. அதை நல்லாக் கவனிச்சுக்குங்க.

ஒவ்வொரு லேபிளுக்கும் கீழ ரெண்டு வரி வேற. 'இங்கே விலைகளைத் திரும்ப வரிசைப்படுத்த வேண்டாம். ஏலம் முடியும் நேரத்தில் மொத்தக் கூட்டமும் இங்கேதான் வருகிறது. மாற்றும் முன் நாச்சிமுத்து அண்ணனைக் கேட்கவும்.' என்ற பேரைப் போட்டுருக்குதுங்க. பேரோட. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைப் பிடிக்கறதுன்னு இப்பவே எழுதி வெச்ச மாதிரி.

நேரா போய்க் கேட்டேன். மறைஞ்சு பேசற பழக்கம் எனக்கு இல்லை.

"ஏனம்மணி, என்ற புரோகிராமுல என்னமோ ஒட்டி வெச்சிருக்கறியாட்ட இருக்குது?"

அது சிரிச்சுக்கிட்டே, "ஆமாங்கண்ணா. அளந்து பாத்ததுல நம்ம ஏலமே அந்த எடத்துலதான் நிக்குதுங்க. பின்னாடி வர்றவங்க அது தெரியாம அழகு பண்றேன்னு மாத்திருவாங்க. அதுக்குத்தான்"னுச்சு.

"அழகு பண்ணுவாங்கன்னா, இப்ப அழகா இல்லைங்கறியா?"

"அப்படிச் சொல்லலீங்கண்ணா."

"சரி, நீ எழுதுனதுல ஏன் ஒட்டிக்கலை?"

"நான் எழுதறது மாசத்துக்கு ஒருக்கா ஓடற ரிப்போர்ட்டுதானுங்களே. அதை யார் மாத்துனாலும் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா."

எப்படிப் பதில் பாத்தீங்களா? ஒரு எடத்துலயும் பிடி குடுக்கலை. அதுவும் மொகத்துல ஒரு மாறுதலும் இல்லாம.

அதுக்குமேல இன்னொண்ணும் செஞ்சு வெச்சிருந்துச்சுங்க. லேபிள் இருக்கற எடத்துல யார் ஒரு எழுத்தை மாத்துனாலும், எனக்குத் தகவல் வரும். நான் சரின்னு சொன்னாத்தான் அந்த மாத்தம் உள்ள போகும். கேக்கறதுக்கு எனக்கு மரியாதை குடுத்த மாதிரித்தான் இருக்குது. ஆனா எங்க சுத்தி வந்தாலும் கடைசில என்ற கையெழுத்துல வந்து நிக்குது பாருங்க.

நடுவுல ரெண்டு தடவை சிகாமணி சார் ரூமுக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திப் பேசுச்சு. நான் தண்ணி பிடிக்கற மாதிரி பக்கத்துல போய் நின்னேன். "நாச்சிமுத்து அண்ணன்"ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துச்சு. சார் தலையாட்டுனாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்குமேல என்ன தெரியணும்?

அதனால எடுத்துட்டேன்.

ஆமாங்க, லேபிளையெல்லாம். ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப உக்காந்து ஒண்ணுவிடாம எடுத்துட்டேன். சீனியருங்கறதால எனக்கு அந்த அதிகாரம் உண்டு. 'தேவையில்லாத வரிகள் நீக்கம்'னு குறிப்பும் போட்டேன். மறைச்சு எதுவும் செய்யலை. அதுல ஓட்டத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லீங்க, நீங்களே சொல்லுங்க, போர்டைக் கழட்டுனா டிரான்ஸ்பார்மர் நின்னுருமா?

நிக்காதில்ல. அதேதான்.

டீ ஆறுது, குடிங்க.

அந்தச் சமயத்துல பெங்களூர்ல இருந்து சஞ்சித்துன்னு ஒருத்தனை சார் வேலைக்கு எடுத்தாரு. நல்ல படிப்பு, நல்ல சம்பளம். பழைய புரோகிராமையெல்லாம் சுத்தம் பண்றதுதான் அவனுக்கு வேலை. அவன் என்ற பகுதியைத் திறந்து பாத்திருக்கறான். நான் நாலு பக்கத்துக்கு எழுதுனதை அவன் நாலு வரில எழுதிட்டான். பாக்கறதுக்கு நெம்ப லட்சணமா இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு விலை வந்து விழறப்பவும் மொத்த விலையையும் முதல்ல இருந்து வரிசைப்படுத்துது. சும்மா இருக்கற நேரத்துல அது தெரியாது. கூட்டம் வந்தாத்தான் தெரியும்.

அதை யாரு பாத்து ஓகே பண்ணுனாங்கன்னா... லேபிள் இல்லாததால எனக்குன்னு தனித் தகவல் வரலை, பொதுவா வர்ற வரிசைல வந்துச்சுங்க. அன்னைக்கு நெறைய வந்து கெடந்துச்சு. நான்தான் ஓகே குடுத்திருப்பேன். மேல ஒண்ணும் எழுதியில்லையே, இன்ன எடம்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணையும் உள்ள திறந்து படிச்சுக்கிட்டு இருந்தா வேலை ஆகுமுங்களா?

மாசி மாசம், மஞ்சள் வரத்து உச்சத்துல இருக்கற நேரம். ஒரு மண்டில இருந்து போன். ஏலம் முடிஞ்சுபோச்சு, ஆனா வியாபாரிங்க போட்ட விலை பாதி ஏறவே இல்லைங்கறாங்க. ஏறுன வரைக்கும் எது பெருசோ அதுக்கே மூட்டை முடிஞ்சுபோச்சு. அடிமாட்டு விலை. விவசாயிங்க எல்லாரும் சேந்து மண்டிக்காரரைச் சூழ்ந்துக்கிட்டாங்க. சார் என்னையும் அந்தப் புள்ளையையும் கார்ல ஏத்தி விட்டாரு.

அந்த எடத்தை நீங்க பாத்திருக்கணும். மூட்டையும் மஞ்சள் தூசியும், கத்தலும். ஒரு அம்மா, மொடக்குறிச்சிப் பக்கமாட்ட இருக்குது, வந்து என்ற சட்டையைப் பிடிக்காத குறையா நின்னாங்க. "ஏந்தம்பி, மனுசன் ஏமாத்துவான்னுதான கம்ப்யூட்டரு வெச்சீங்க. இப்ப கம்ப்யூட்டரும் ஏமாத்துமா?"ன்னாங்க.

அந்தப் புள்ள முன்னாடி போய் நின்னு, "ஏமாத்தலீங்கம்மா. மெதுவா ஓடிருச்சு. எங்க மேலதான் தப்பு. உங்க மூட்டையத் தூக்க விடமாட்டோம், திரும்ப ஏலம் விடச் சொல்றோம். சித்தே உக்காருங்க"ன்னு கையைப் பிடிச்சு உக்கார வெச்சுது. எங்க மேல தப்புன்னு எதுக்குங்க சொல்லணும்? அதுவும் 'எங்க'ன்னு. அங்க நின்னது நாங்க ரெண்டு பேரு. அந்தப் புள்ள தப்புப் பண்ணலைன்னு அதுக்கே தெரியும். அப்ப மிச்சம் இருக்கறது யாரு?

மூட்டை மேல லேப்டாப்பை வெச்சுத் திறந்தோம். திறந்ததும் அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. லேபிள் இல்லை. யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு பேரோட காட்டும். பாத்துச்சு. நான் அது மொகத்தைப் பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கலீங்க. "அண்ணா, உங்க பழைய புரோகிராம் அப்படியே இருக்குது. அதையே திருப்பி வெச்சிரலாமுங்களா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

வெச்சேன். சஞ்சித்து எழுதுன நாலு வரியைத் தூக்கிப் போட்டுட்டு, என்ற கோணல்மாணலையே வெச்சேன். பொழுதோட மறு ஏலம் நடந்துச்சு. எல்லாரும் ஒரே அமுக்கா அமுக்குனாங்க. ஒண்ணுவிடாம ஏறுச்சு. அந்த அம்மாவுக்கு நல்ல விலை கெடைச்சுது. போறப்ப என்ற பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனாங்க.

அடுத்த நாள் சார் எங்களைக் கூப்பிட்டு வெச்சு, இது எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான் பேசறதுக்கு முந்தி அந்தப் புள்ள பேசுச்சு. "வெறும் லேபிளை மட்டும் நம்பி விட்டது என் தப்புங்க சார். மெதுவாச்சுன்னா தானாத் தடுக்கற மாதிரி ஒரு சோதனையும் சேத்திருக்கணும், இப்பச் சேத்துடறேன். நாச்சிமுத்து அண்ணன் இல்லைன்னா நேத்து ஏலமே நடந்திருக்காதுங்க." அவ்வளவுதான். லேபிளை நான் எடுத்ததைப் பத்தி மூச்சு விடலை.

ஏன் சொல்லலை? நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. சொல்லிட்டா அதோட முடிஞ்சுபோச்சு. சொல்லாம வெச்சுக்கிட்டா என்னைக்கு வேணும்னாலும் சொல்லலாம். என்னையக் கைக்குள்ள வெச்சுக்கறதுக்கு வேற வழி வேணுமுங்களா? அதுல இருந்து அது என்ற பக்கம் வர்றப்பல்லாம், லேபிளைப் பத்தி இன்னைக்குக் கேட்டுரும், இன்னைக்குக் கேட்டுரும்னு பதிலைத் தயார் பண்ணி வெச்சுக்குவேன். அது வந்து "அண்ணா, டீக்கு வர்றீங்களா?"ன்னு கேக்கும். கடைசி வரைக்கும் கேக்கவே இல்லீங்க. அவ்வளவு பொறுமை.

லேபிளையெல்லாம் திருப்பி ஒட்டிருச்சு. அதே பேரோட.

சீசன் முடிஞ்சதும், நான் பயந்த மாதிரியே ஆள் குறைப்பு வந்துச்சு. அந்த மண்டிக்காரர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு, இன்னும் ரெண்டு மண்டி கூடவே போயிருச்சு. சார் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டாரு. நான் உள்ள போறப்பவே என்ற டேபிளை மனசுல காலி பண்ணிட்டேன்.

சார் சொல்றாரு: "நாச்சிமுத்து, உன்னைய வேலையை விட்டு எடுக்கலாமான்னு பாத்தோம், மறைக்க வேண்டியதில்லை. வயசு, சம்பளம் எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தோம். ஆனா முக்கியமான எடத்தையெல்லாம் திறந்தா உன்ற பேருதான் இருக்குது. உன்னையக் கேக்காமத் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்குது. உன்னைய அனுப்பிட்டு நாங்க யாரைக் கேக்கறது?"

வெளிய வந்து சித்தே நேரம் படிக்கட்டுல உக்காந்துட்டேன். பொண்ணு காலேஜுல படிக்குதுங்க, வீட்டுக்கடன் வேற.

பாத்தீங்களா, அந்தப் புள்ள போட்ட திட்டம் பலிக்கலை.

அன்னைக்கு வேலை போன ஆளுங்கள்ல கோகிலவாணியும் ஒண்ணு. ஆமாங்க. அதை உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா? சொல்லிருச்சா. சரி. சார் என்ன சொன்னாருன்னா, அந்தப் புள்ள எழுதுன ரிப்போர்ட்டை யார் வேணும்னாலும் பாத்துக்கலாம், அதுல எங்கயும் ஒரு எச்சரிக்கையும் இல்லைன்னாரு. எனக்கு ஒரு நிமிசம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க, அடுத்தவங்களுக்கே ஒட்டிக்கிட்டு இருந்தா தனக்கு யாரு ஒட்டுவாங்க? தனக்குன்னு ஒரு வரி எழுதிக்கத் தெரியலை. குடும்பம் நடத்தற பொண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் வேணுமுங்களே. அதையும் நீங்க கவனத்துல வெச்சுக்குங்க.

என்ன கேட்டீங்க? என்னையப் பத்தி யார்கிட்டயாவது தப்பாப் பேசியிருக்குதான்னா? இல்லீங்க. நானும் ஒவ்வொருத்தர்கிட்டயாப் போய் விசாரிச்சுப் பாத்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் பேசலை. அதானுங்க என்ற சந்தேகமே.

போற அன்னைக்கு சாயங்காலம் என்ற டேபிளுக்கு வந்துச்சு. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே, "அண்ணா, ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. கேக்கலாமுங்களா?"ன்னுச்சு. போச்சுடா, இப்பக் கேக்கப் போகுதுன்னு நெனைச்சேன். "எல்லா எடத்தையும் வேகமா ஓடற மாதிரி எழுதியிருக்கறீங்க. ஆனா ஏலம் முடிஞ்ச பொறகு மட்டும் உடனே முடிவு சொல்லாம, விலை வர்ற கதவைச் சாத்தாம ஒரு மூச்சு நேரம் நிறுத்தி வெச்சிருக்கறீங்க. அது எதுக்குங்கண்ணா?"

நான் எழுதுனதை அத்தனை தூரம் படிச்ச ஆளு வேற கெடையாதுங்க.

"போறப்ப அது எதுக்கு உனக்கு?"ன்னுட்டேன். புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோனாலும் கொண்டுபோகும்னு. "சரிங்கண்ணா, வர்றேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அப்பறம் அந்த எடத்தைத் திறந்து பாத்தேன். அதுக்கு மேலயும் ஒரு லேபிள் இருந்துச்சு. 'இந்த நிறுத்தம் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. நாச்சிமுத்து அண்ணன் காரணம் இல்லாமல் வைத்திருக்க மாட்டார். கேட்காமல் எடுக்க வேண்டாம்.' நல்லாப் பாருங்க. தெரியலைன்னு வெளிப்படையா எழுதி வெச்சிருக்குது. நாளைக்கு சார் அதைப் படிச்சுட்டு என்னன்னு கேட்டா நான்தான பதில் சொல்லணும்?

என்னங்கண்ணா, போனை எடுத்துட்டீங்க. பேசுங்க, பேசுங்க.

...

உங்க தங்கச்சிகிட்டங்களா? 'விசாரிச்சாச்சு, வேற எடம் பாக்க வேண்டாம், நாள் குறிக்கச் சொல்லு'ன்னு சொன்ன மாதிரி என்ற காதுல விழுந்துச்சு. ஏனுங்க, நான் சொன்னதையெல்லாம் நீங்க முழுசாக் கேட்டீங்களா? சிரிக்கறீங்க. சரி, உங்க விருப்பம். என்ற மேல நாளைக்குக் குறை சொல்லக்கூடாது, அவ்வளவுதான். டீக்கு நான் குடுத்துக்கறேன், நீங்க வெச்சுக்குங்க.

அண்ணா, ஒரு நிமிசம்.

அந்த நிறுத்தம் எதுக்குன்னு கேட்டுச்சுன்னு சொன்னேன் பாருங்க. அது வந்துங்க, தாளவாடி மலைப்பக்கம் சின்ன வியாபாரிங்க கொஞ்சப் பேரு இருக்கறாங்க. சிக்னல் கெடைக்காது. நேரத்துக்குள்ளதான் அமுக்குவாங்க, ஆனா அந்த விலை வந்து சேர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிருக்கும். ஒருத்தரு எனக்கே போன் பண்ணி, "நாங்க மலையில பொறந்தது குத்தமாங்க"ன்னு கேட்டாரு. அதனால, எப்ப வந்து சேந்துச்சுன்னு பாக்காம எப்ப அமுக்குனாங்கன்னு பாக்கற மாதிரி எழுதி, அவங்க வர்றதுக்காகக் கதவை அந்த ஒரு மூச்சு நேரம் திறந்து வெச்சேன். சார்கிட்டச் சொல்லலை. சொன்னா எதுக்கு நேரம் வீணுன்னு எடுக்கச் சொல்லிருவாரு. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க.

அந்தப் புள்ளையப் பாத்தீங்கன்னா இதைச் சொல்லிப்போடுங்க. நானாச் சொல்லி அனுப்புனேன்னு சொல்லாதீங்க. பேச்சுவாக்குல வந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லைன்னா, எதுக்கு இப்பச் சொல்லி விடறாருன்னு அது ரோசனை பண்ண ஆரம்பிச்சுரும்.